மஞ்சள் அட்டையில் தொடங்கி சிவப்பு அட்டையைத் தாண்டி வந்த கதை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கான இலங்கை மீன் ஏற்றுமதி, 2010–2017

இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் தடை போட்டது, 2016 ஜூனில் எடுத்தது. இடையில் ஒன்றரை ஆண்டு. இதை அரசியல் மோதலாகப் பார்ப்பவர்கள் உண்டு, அதிகாரிகளின் கவனக்குறைவு என்பவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் மீன் ஏற்றுமதி ஆவணங்களோடு நாள் முழுக்கப் புழங்கியவன் என்ற முறையில், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். அரசாங்கங்களின் முடிவுகள் எல்லோரும் அறிந்தவை. கிழக்குக் கரையின் வாழைச்சேனையில் இரண்டு படகு வைத்திருந்த ஒரு முதலாளியும், அவருடைய மீனை வாங்கிய, நான் வேலை பார்த்த கம்பனியும் இதில் வருகிறார்கள். அவர்கள் பெயர் இங்கே தேவையில்லை.

பின்னணி

வெளியிலிருந்து மீன் வாங்குவதில் உலகிலேயே பெரிய சந்தை ஐரோப்பிய ஒன்றியம். அங்கே வந்து சேரும் மீன் எந்தக் கடலில், எந்தப் படகில், எந்த அனுமதியோடு பிடிபட்டது என்று தெரிய வேண்டும் என 2008இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமாகவோ, கணக்குக் காட்டாமலோ, ஒழுங்குவிதிக்கு வெளியிலோ பிடித்த மீன் ஒன்றியத்துக்குள் நுழையக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இதன் முக்கியக் கருவி பிடிச் சான்றிதழ். படகின் கொடிக்குரிய நாட்டின் அரசு, இந்த மீன் முறைப்படி பிடிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்ப முடியாது என்று ஒன்றியம் முடிவு செய்தால் முதலில் எச்சரிக்கை வரும். மஞ்சள் அட்டை என்று சொல்வது இதைத்தான். அதற்கும் திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, அதாவது அந்த நாட்டுக் கொடி பறக்கும் படகுகள் பிடித்த மீனுக்குத் தடை. ஒரு படகு செய்த தவறுக்கு ஒரு படகைத் தண்டிக்கும் ஏற்பாடு அல்ல இது. அரசின் மேற்பார்வை சரியில்லை என்றால் ஒழுங்காகத் தொழில் செய்தவனும் சேர்ந்து அடிபடுவான்.

இலங்கைக்கு இந்தச் சந்தை சின்ன விஷயம் இல்லை. ஐஸில் வைத்து விமானத்தில் போகும் கெலவல்லாவும் (புத்தகத்தில் மஞ்சள் துடுப்புச் சூரை என்பார்கள்) வாள்மீனும்தான் முக்கிய சரக்கு. 2013இல் மட்டும் ஒன்றியம் இலங்கையிலிருந்து 7.4 கோடி யூரோ மதிப்புள்ள மீனை இறக்குமதி செய்தது. இந்த மீனைப் பிடிப்பவை பலநாள் கலங்கள். மூன்று நான்கு வாரம் கடலிலேயே தங்கி, 200 கடல் மைலுக்கு அப்பால் ஆழ்கடலுக்கும் போய் வருபவை. நீர்கொழும்பு, பேருவளை, மிரிஸ்ஸ என்று மேற்கிலும் தெற்கிலும்தான் இவை அதிகம். கிழக்கில் திருகோணமலையும் வாழைச்சேனையும். வடக்கில் யுத்தம் முடியும் வரை ஆழ்கடலுக்குப் போகிற நிலைமையே இருக்கவில்லை.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கி விடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அடிக்கடி குழம்புகிற இடம் இது. பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பற்றிய தகராறுக்கும் இந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை. ஒன்றியத்தின் கேள்வி, இலங்கைக் கொடியோடு ஆழ்கடலுக்குப் போகும் படகுகளை இலங்கை அரசு கண்காணிக்கிறதா என்பது மட்டும்தான்.

மஞ்சள் அட்டை

2012 நவம்பரில் எட்டு நாடுகளுக்கு ஒரே நாளில் எச்சரிக்கை போனது: பெலீஸ், கம்போடியா, பிஜி, கினி, பனாமா, இலங்கை, டோகோ, வனுவாட்டு. இலங்கையைப் பற்றிச் சொன்ன குறைகளைச் சுருக்கினால் மூன்று வரும். ஆழ்கடல் படகுகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வழியில்லை. தவறு செய்தால் விழும் தண்டப்பணம் யாரையும் தடுக்கும் அளவுக்கு இல்லை. இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவில் உறுப்பினராக ஒப்புக்கொண்ட விதிகளை நாட்டுக்குள் நடைமுறைப்படுத்தவில்லை.

அந்த ஆணைக்குழுவின் விதிகள் ஒன்றும் ஐரோப்பா திணித்தவை அல்ல. ஆழ்கடலில் 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மிதவை வலை போடக் கூடாது, கசைவால் சுறாவைப் படகில் ஏற்றக் கூடாது, பிடியைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இலங்கையும் உட்கார்ந்திருந்த மேசையில் எடுத்த முடிவுகள்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தில் 2013இல் திருத்தம் வந்தது. 2014இல் ஆழ்கடல் மீன்பிடிக்கும் பிடித் தரவுக்கும் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. காகிதத்தில் பார்த்தால் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. துறைமுகத்தில் நின்று பார்த்தால்தான் மற்றது தெரிந்தது.

வாழைச்சேனையில் கண்டது

2014ஆம் ஆண்டின் நடுப்பகுதி. வாழைச்சேனை முதலாளியின் படகு ஒன்று 24 நாள் கழித்துக் கரைக்கு வந்தது. மீன் இறக்கி, ஐஸ் மாற்றி, லொறியில் ஏற்றி மேற்குக் கரையிலிருந்த பதனிடும் கம்பனிக்கு அனுப்பினார்கள். கூடவே படகின் பதிவேடும் வந்தது. அதிலுள்ள விவரத்தை வைத்துத்தான் பிடிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கம்பனியின் ஆவணப் பிரிவில் இருந்த பெண் அந்தப் பதிவேட்டைத் திறந்து மேசையில் வைத்தார். இருபத்து நான்கு நாளும் ஒரே நீலப் பேனை, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. வலை போட்ட இடம் என்ற கட்டத்தில் முதல் வரியில் ஓர் அகலாங்கு நெட்டாங்கு, அதன் கீழே வரிசையாக மேற்படிக் குறி. தாளில் ஒரு துளி உப்புநீர் இல்லை, மீன் செதில் இல்லை, ஓரம் கூட மடங்கவில்லை. மூன்று வாரம் கடலில் கிடந்த புத்தகம் அப்படி இருக்காது. கரைக்கு வந்த பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதியது என்று பார்த்த உடனே தெரிந்தது.

முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "தம்பி, கடல் கொந்தளிக்கக்குள்ள ஆர் பேனை புடிக்கிற? தண்டலுக்குக் கண் முழிச்சு நிக்கவே நேரமில்ல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பதிவேட்டை ஏன் நிரப்ப வேண்டும் என்று அவருக்கோ, கடலில் படகை நடத்தும் தண்டலுக்கோ யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. புத்தகம் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

இனி என்ன செய்வது என்பது கம்பனிக்குள் ஒரு கேள்வியாக எழுந்தது. ஆவணப் பெண் சரக்கை நிறுத்தலாம் என்றார். மீன் ஐஸில் இருக்கிறது, ஐரோப்பாவில் வாங்குபவர் காத்திருக்கிறார், விமானத்தில் இடம் பதிவாகிவிட்டது. விண்ணப்பம் போனது, அரசின் முத்திரையும் விழுந்தது. எங்களைப் போலவே பலரும் அன்று அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் முத்திரை விழுந்துகொண்டிருந்ததால், பிரச்சினை தீர்ந்துகொண்டிருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம். அந்த முத்திரையின் மதிப்பைத்தான் ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸ் எடை போட்டுக்கொண்டிருந்தது என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

சிவப்பு அட்டை

2014 அக்டோபர் 14 அன்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழு முடிவை அறிவித்தது. மீன்வளப் பொறுப்பில் அப்போது இருந்தவர் மரியா தமனாகி. நான்கு ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பிறகும் இலங்கை போதிய அளவு திருந்தவில்லை, எனவே தடை என்றார்கள். ஏற்கெனவே போட்ட வணிக ஒப்பந்தங்கள் குலையாமல் இருக்க மூன்று மாத அவகாசம் தந்து, 2015 ஜனவரி நடுவிலிருந்து தடை என்று அறிவித்தார்கள்.

கொழும்பில் இதை அரசியல் பழிவாங்கல் என்று பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு பின்புலமும் இருந்தது. மனித உரிமை உடன்படிக்கைகள் மூன்றை நடைமுறைப்படுத்தவில்லை என்று சொல்லி, ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகையை ஒன்றியம் 2010 ஆகஸ்ட் 15இல் நிறுத்தியிருந்தது. அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் மீன் விஷயத்தில் இந்த வாதம் நிற்காது. அதே அக்டோபர் அறிவிப்பில் பிஜி, பனாமா, டோகோ, வனுவாட்டு நான்கின் மேலிருந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் ஒரே கடிதம் வாங்கிய நாடுகள் அவை. இலங்கையை விடச் சின்ன நிர்வாகம் கொண்ட நாடுகளும் அதில் உண்டு.

ஒரு நியாயமான மனக்குறை மட்டும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இந்து சமுத்திரத்தில் சூரை பிடிப்பதில் ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் முன்வரிசையில் இருக்கின்றன. அவற்றின் ஒரு வீச்சுக்கு வாழைச்சேனைப் படகு ஒரு பருவம் உழைக்க வேண்டும். கடலின் கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் சமமின்மையை இலங்கை எழுப்பியிருக்கலாம். எழுப்ப வேண்டிய இடம் சூரை ஆணைக்குழு. தன் படகு எங்கே இருக்கிறது என்று தெரியாத நாடு அங்கே போய் அதைப் பேசினால் யார் கேட்பார்கள்?

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றார், ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். ஒரு வாரத்தில் தடை நடைமுறைக்கு வந்தது. ஜனவரி 26இல் ஒன்றியத்தின் அமைச்சர் பேரவை இலங்கையை ஒத்துழைக்காத நாடுகளின் பட்டியலில் முறைப்படி சேர்த்தது.

புதிய அரசு எடுத்த முதல் முடிவு, என் பார்வையில் மிக முக்கியமான முடிவு, வாதாடுவதை நிறுத்தியது. தடை நியாயமா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, எதைக் காட்டினால் தடையை எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஜோசப் மைக்கல் பெரேரா அமைச்சராக இருந்தபோது தொடங்கியது இது. 2015 ஆகஸ்ட் தேர்தலுக்குப் பின் மஹிந்த அமரவீர வந்தார், வேலை அறுபடாமல் நடந்தது. அமைச்சர் மாறினால் கோப்பு மூலைக்குப் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாவது, செய்மதிக் கண்காணிப்பு. ஆழ்கடலுக்குப் போகும் சுமார் 1,500 படகுகளில் கருவி பொருத்துவது என்று முடிவானது. படகின் அறைக்கூரையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று அது கொழும்பிலுள்ள கண்காணிப்பு நிலையத்துக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். இதை முதலில் எடுத்ததற்குக் காரணம், மற்ற எல்லாச் சோதனைக்கும் இதுதான் அடித்தளம். பதிவேட்டில் எழுதிய இடமும் கருவி காட்டிய இடமும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க முடிந்தால், தேநீர்க் கடையில் எழுதிய பதிவேடு அன்றைக்கே பிடிபடும்.

மூன்றாவது, தண்டனை. 2015இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். ஒரு பயணத்து மீனின் மதிப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாமல் இருந்த தண்டப்பணம், முதலாளியை யோசிக்க வைக்கும் தொகையாக உயர்ந்தது.

நான்காவது பெரிய செய்தியாக வெளிவரவில்லை, ஆனால் துறைமுகத்தை மாற்றியது இதுதான். ஆழ்கடல் அனுமதி, பதிவேடு, வலை, தூண்டில் வகை, கருவி எல்லாம் சரியா என்று புறப்படும் முன் உத்தியோகத்தர் பார்ப்பார். திரும்பி வந்து மீன் இறக்கும்போதும் பார்ப்பார். பதிவேடு இல்லாமல் புறப்பட முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் அது படகின் ஒரு பொருளாக ஆனது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வாழைச்சேனை முதலாளிக்குப் பெட்டி மேல் பெரிய சந்தேகம். மீன் கிடக்கிற இடம் தண்டலின் சொத்து, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. அது கொழும்பில் ஒரு திரையில் தெரிந்தால் நாளைக்கு இன்னொருவன் அங்கே நிற்பான் என்று பயந்தார். மின்கலம் தீர்ந்து பெட்டி நின்றுவிட்டால் தன்னைக் குற்றவாளி ஆக்குவார்களா என்றும் கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். முதல் கேள்விக்கு, தரவை மற்றப் படகுகள் பார்க்க முடியாது என்று திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து விளக்கினார். இரண்டாவதற்குத் தெளிவான பதில் வர மாதங்கள் ஆயின.

கம்பனிக்குள்ளும் ஒரு முடிவு எடுத்தோம். ஐரோப்பாவுக்கு மீன் போகாத காலத்திலும், போவதாகவே வைத்துப் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என்று. சந்தை திறக்கிற நாளில் பழக்கம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஆவணப் பெண் மாதம் ஒரு முறை துறைமுகத்துக்கே போய் தண்டல்களோடு உட்கார்ந்தார். அகலாங்கு நெட்டாங்கைக் கருவியிலிருந்து பார்த்து எழுதுவது, சுறா வந்தால் விடுவித்ததையும் எழுதுவது, பிடி இல்லாத நாளை வெறுமையாக விடாமல் "இல்லை" என்று எழுதுவது, இவ்வளவுதான் பாடம். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, பென்சிலால் எழுதச் சொன்னார். நனைந்த தாளில் பேனை கசியும், பென்சில் நிற்கும்.

என்ன விளைந்தது

தடைக் காலம் கடினமாகத்தான் இருந்தது. நாட்டின் மொத்த மீன் ஏற்றுமதி 2014இல் சுமார் 25 கோடி டாலர். 2015இல் சுமார் 16 கோடி. அமெரிக்காவும் ஜப்பானும் கொஞ்சம் வாங்கின, ஆனால் இருக்கிற சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நின்றால் விலை என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்றுமதித் தரத்துக் கெலவல்லா உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பியது.

இந்த இழப்பு எங்கே போய் இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். பலநாள் படகில் கூலி கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மிச்சத்தை முதலாளியும் ஆட்களும் பிரிப்பார்கள். விலை இறங்கினாலும் செலவு இறங்காது, எனவே மிச்சம்தான் கரையும். வாழைச்சேனைப் படகுகள் இரண்டில் ஒன்றை முதலாளி சில மாதம் கட்டிப் போட்டார். அதில் போன ஆட்களில் இருவர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. பதிவேட்டை மேசையில் வைத்து முத்திரை வாங்கிய எங்களுக்குச் சம்பளம் குறையவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

2016 ஏப்ரல் 21இல் ஐரோப்பிய ஆணைக்குழு தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அப்போது பொறுப்பில் இருந்தவர் கார்மெனு வெல்லா. ஜூனில் அமைச்சர் பேரவை இலங்கையைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த மாதமே இலங்கை ஜிஎஸ்பி பிளஸுக்கு மறுபடி விண்ணப்பித்தது. 2017 மே 19இல் அது கிடைத்தது, மீனுக்கும் சேர்த்து. அந்த ஆண்டு மீன் ஏற்றுமதி சுமார் 24 கோடி டாலர் வரை ஏறியது. சந்தை திறந்ததும் தீர்வை குறைந்ததும் அடுத்தடுத்து வந்ததால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கடலில் வேறொரு பிரச்சினையும் அதற்குள் எழுந்திருந்தது. இந்து சமுத்திரத்தில் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2015 இறுதியில் விஞ்ஞானிகள் கணித்தார்கள். 2016இல் பிடியைக் குறைக்கச் சூரை ஆணைக்குழு முடிவெடுத்தது. தரவு கையில் இருந்ததால் இலங்கை அந்தப் பேச்சில் தன் எண்களோடு உட்கார முடிந்தது.

மறுபடி என்றால் எதை மாற்றுவோம்

மஞ்சள் அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கிடைத்தது. 2015, 2016இல் செய்த எந்த வேலையும் அந்த இரண்டு ஆண்டில் செய்ய முடியாததல்ல. பிலிப்பைன்ஸுக்கு 2014 ஜூனில் மஞ்சள் அட்டை வந்தது, 2015 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். சிவப்பு வரை அவர்கள் போகவேயில்லை. நாம் சட்டத்தை எழுதுவதை வேலையாக எடுத்துக்கொண்டோம். ஒன்றியம் கேட்டது, அந்தச் சட்டப்படி எத்தனை படகைச் சோதித்தீர்கள், யாருக்குத் தண்டம் போட்டீர்கள் என்று. எச்சரிக்கை வந்த முதல் மாதத்திலேயே சோதனை எண்ணிக்கையையும் தண்ட எண்ணிக்கையையும் மாதாமாதம் எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஏற்றுமதிக் கம்பனிகள் தரப்பில், சந்தேகமான பதிவேட்டோடு வந்த சரக்கை நிறுத்தும் உரிமை ஆவணப் பிரிவுக்கு எழுத்தில் இருந்திருக்க வேண்டும். 2014இல் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த ஒரு சரக்கு கெட்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு கம்பனி மட்டும் நிறுத்தினால் மீன் பக்கத்துக் கம்பனிக்குப் போகும் என்பதும் உண்மை. அதனால் ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. சேர்ந்து உட்கார்ந்தது தடை வந்த பிறகுதான்.

பதிவேடும் பெட்டியும் படகுக்கு வரும் முன் தண்டலோடு பேச வேண்டும், அவருடைய மொழியில். தமிழ் பேசும் கிழக்குத் துறைமுகங்களில் தமிழ் விளக்கமும் தமிழ் உத்தியோகத்தரும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

இனி எச்சரிக்கை நிலையிலேயே, தடை வந்தால் பங்குக்குக் கடலுக்குப் போகும் ஆட்களுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். கருவி வாங்கப் பணம் கிடைத்தது, சட்டத்தரணிகளுக்குக் கிடைத்தது, பிரசெல்ஸ் பயணங்களுக்குக் கிடைத்தது. கட்டிப் போட்ட படகின் ஆட்களுக்கென்று எந்தக் கோப்பிலும் ஒரு வரி இருந்ததாக நான் பார்க்கவில்லை.

2017இல் வாழைச்சேனைப் படகின் பதிவேடு ஒன்றைப் பார்த்தேன். பென்சில் எழுத்து, பாதி அழிந்திருந்தது. நான்காம் நாளில் ஒரு கை, ஒன்பதாம் நாளில் வேறொரு கை. ஒரு பக்கத்தில் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. பதினேழாம் நாள் வரியில் "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் "காத்து" என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். ஆவணப் பெண் அதைக் கருவித் தரவோடு வரி வரியாக ஒப்பிட்டுவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.